ப்ரோனெக்கின் பேருந்தும் எங்கள் கல்யாணக் கயிறும்

போலந்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு இரண்டு பெயர். ஓஷ்வியென்சிம் என்று நாங்கள் சொல்வது வெளியூர்க்காரர் வாயில் நுழையாது. ஆஷ்விட்ஸ் என்று ஜெர்மானியர்கள் சொன்னது உலகத்துக்கே தெரியும். லட்சக்கணக்கான யூதர்களை அவர்கள் கொன்ற முகாம் இங்கேதான் இருக்கிறது. இப்போது அது நினைவிடம். என் அண்ணன் ப்ரோனெக் தினமும் காலையில் பக்கத்துப் பெருநகரமான க்ராக்கோவில் பயணிகளை ஏற்றிக்கொண்டு அங்கே வருவான். பிற்பகலில் திரும்பக் கொண்டுபோய் விடுவான். அதுதான் அவன் பிழைப்பு.

அவன் சரியான தொட்டாற்சுருங்கி. "நீங்க எந்த ஊர்?" என்று பயணிகள் கேட்டால் க்ராக்கோ என்று கூசாமல் பொய் சொல்வான். ஆரம்பத்தில் உண்மையைச் சொன்னவன்தான். "அங்கே எப்படி உங்களுக்குத் தூக்கம் வருது?" என்று ஒருத்தி கேட்டுவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்து சூப்பைக்கூடத் தொடவில்லை. நானாக இருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இங்கேதான் பிறந்தோம், இங்கேதான் பிள்ளை பெற்றோம். வேறு எங்கே போய்த் தூங்குவது? முகாமை மறந்துவிட்டோம் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். மறக்க விடுகிற ஊரா இது?

எதிர்வீட்டு எவெலினாவுக்குக் கல்யாணம் வந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் சர்ச்சுக்குப் போகும் வழியில் தெருக்காரர்கள் கயிறு கட்டி மறிப்பது எங்கள் வழக்கம். வேஷம் போட்டு ஆடுவோம். மாப்பிள்ளை வோட்கா பாட்டிலை நீட்டினால்தான் கயிறு இறங்கும்.

ஒரு வாரம் முன்பே ப்ரோனெக் வந்து கெஞ்சினான். "மூணு மணிக்கு என் பஸ் பாலத்தைத் தாண்டிடும். அதுக்கப்புறம் கட்டுங்க. அங்கேருந்து அழுதுட்டு வர்றவங்க முன்னாடி நீங்க கூத்தடிச்சா, இந்த ஊர்க்காரங்களுக்கு ஈவிரக்கமே கிடையாதுன்னு ஊர் ஊராப் போய்ச் சொல்லுவாங்க."

"சரிடா அண்ணா, உன் பஸ் போகட்டும்," என்றேன்.

சனிக்கிழமை மூன்று மணி தாண்டியும் பேருந்தைக் காணோம். முன்பே போயிருக்கும் என்று நினைத்து ஆற்றுப் பாலத்தருகே கயிற்றைக் கட்டினோம். ஒரு முனை என் கையில், மறுமுனை என் வீட்டுக்காரர் ஸ்டாஷெக் கையில். அவர் என்னுடைய பழைய கல்யாண கவுனை மாட்டிக்கொண்டு, தலையில் ஜன்னல் திரையைச் சுற்றியிருந்தார். அக்கார்டியன் வாத்தியம் அமர்க்களப்பட்டது. கல்யாணக் கார் வந்து நின்றது. அதன் பின்னாலேயே ப்ரோனெக்கின் பேருந்தும் வந்து நின்றது. தடியூன்றி நடந்த ஒரு கிழவியால் அன்று தாமதமாம்.

ப்ரோனெக் குதித்து இறங்கினான். முகத்தில் ரத்தமே இல்லை. "கயித்தை இறக்குங்க! பாட்டை நிறுத்துங்க!"

"மச்சான், பஸ்ஸுக்குத் தனி! ரெண்டு பாட்டில் எடு!" என்றார் என் வீட்டுக்காரர்.

"வாயை மூடு ஸ்டாஷெக். மானம் போகுது."

அக்கார்டியன் நின்றது. பேருந்து ஜன்னல்கள் முழுக்க முகங்கள். ஒரு பையன் உதட்டைச் சுளித்துக்கொண்டு எங்களைப் படம் எடுத்தான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு கல்யாணத்துக்குப் போய் வெட்கப்பட வேண்டியிருக்கிறதே என்று கோபமும் வந்தது. கயிற்றைக் கீழே விட்டேன்.

அப்போது அந்தக் கிழவி இறங்கினாள். அவர்களுக்கு முகாமைச் சுற்றிக்காட்டிய கிங்கா, ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே பின்னால் ஓடிவந்தாள். கிழவி குனிந்து கயிற்று முனையை எடுத்தாள்.

"ஏம்மா விட்டே? பாட்டில் வாங்காம வழி விடலாமா?"

சுத்தமான எங்கள் ஊர்ப் போலிஷ் பேச்சு. கிங்கா வாயைப் பிளந்தாள். "உங்களுக்கு எங்க பாஷை தெரியுமா? காலையிலேருந்து ஒரு வார்த்தை பேசலையே!"

"அங்கே பேச என்ன இருக்கு?"

"நீங்க... எந்த ஊரும்மா?" என்றான் ப்ரோனெக்.

"இதே ஊர்தான். தையற்காரர் மெண்டல் பொண்ணு. யுத்தத்துக்கு முன்னாடி இந்த ஊர்ல பாதிக்கு மேல எங்க யூத ஜனம்தானே." என் வீட்டுக்காரரின் கவுனை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க அக்கா ரோய்ஸா கல்யாணத்தன்னிக்கும் இதே பாலத்துக்கிட்ட மறிச்சாங்க. உங்க தாத்தாமாருங்கதான். ஒருத்தன் பாவாடை கட்டிட்டு ஆடினான். அக்கா வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா."

கயிற்றைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா அவ செத்தது மட்டும்தான் மனசுல இருந்துச்சு. அவ சிரிச்சது இப்பத்தான் ஞாபகம் வருது."

மாப்பிள்ளை தயங்கித் தயங்கி வந்து பாட்டிலை நீட்டினான். அவள் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டாள்.

"முதல்ல பாட்டு. சும்மா வாங்கிட்டு விட்டுடுவேனா?"

அக்கார்டியன்காரன் என் அண்ணன் முகத்தைப் பார்த்தான். எல்லோருமே பார்த்தோம். ப்ரோனெக் சட்டைக்கையால் கண்ணைத் துடைத்தான்.

"வாசிடா," என்றான்.