தனசேகருக்கு என்ன வேண்டும்?

அடுத்தவருக்கு எது நல்லது என்று சொல்ல ஊரே வரிசையில் நிற்கும். அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்பதற்குத்தான் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டியிருக்கிறது. இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில் திருவொற்றியூர்ப் பக்கம் அந்த ஆள் நான். மனவளர்ச்சி குன்றிய பெரியவர்கள் எங்கே, எப்படி, யார் துணையோடு வாழ்வது என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும், நாங்கள் கூட நிற்க வேண்டும். திட்டம் இவ்வளவுதான். இன்ஷூரன்ஸுக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் வீடு வீடாகப் படியேறிய புண்ணியவான்களே, என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும். பதில் ஒருவரிடம் இருக்கும், பேசுவது இன்னொருவராக இருக்கும்.

டீக்குச் சர்க்கரை

தனசேகருக்கு முப்பத்து மூன்று வயது. கட்டை மீசை, குறைந்த பேச்சு. நாம் சொல்வது அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். தேரடிக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் அக்கா விஜயாவோடு இருந்தார். வாசலில் இட்லிக் கடை போட்டுத் தம்பியை ஆளாக்கியவர் விஜயா. ஆடி கழிந்ததும் அவருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். “அதுக்கப்புறம் இவன வச்சிக்கினு என்னால முடியாது மேடம். ஏதாச்சும் ஹோம்ல வுட்டுடலாம்னு கீறேன்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஹோமுக்குப் போவதா, சொந்த வீட்டில் இருப்பதா என்பதைத் தனசேகர்தான் சொல்ல வேண்டும். அதை எழுதிக்கொண்டு போவது என் வேலை.

நான் தனசேகரைக் கேட்பேன், விஜயா பதில் சொல்வார். சாமர்த்தியமாக, “அக்கா, ஒரு டீ போடுங்களேன்” என்று அவரை உள்ளே அனுப்பினேன். என்ன நிறம் பிடிக்கும் என்றேன். “பச்சை” என்றது அடுப்படி. சாப்பாட்டில் என்ன பிடிக்கும் என்றேன். “நான் எத்த வச்சாலும் துன்னுவான்” என்றது அடுப்படி. டீ வந்தது. “அவனுக்கு சக்கர கம்மியா இருக்கணும்” என்று அதற்கும் விளக்கம் வந்தது. தனசேகர் ஒரு வாய் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார். முக்கால் மணி நேரத்தில் அவர் பேசிய முதல் பேச்சு: “ஜாஸ்தி போடு.”

இண்டர்வியூ

எங்கே இருந்தாலும் கூட இருந்து உதவும் ஆளையும் தனசேகரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் இதற்கென்றே டிப்ளமா படித்தவர், மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஃபைல். மற்றவர் பக்கத்துத் தெருவில் பஞ்சர் கடை வைத்திருந்த சலீம். பைபாஸ் வந்த பிறகு சைக்கிளில் போகிறவர்களே குறைந்துவிட்டார்கள் என்று புலம்பிக்கொண்டு வந்தார்.

நான் எழுதிக் கொடுத்த எட்டுக் கேள்விகளையும் தனசேகர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இருவரையும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “பரோட்டா துன்னுவியா?” டிப்ளமாக்காரர் மைதா உடம்புக்கு ஏன் ஆகாது என்று பொறுமையாக விளக்கினார். சலீம், “எப்போ போலாம்?” என்றார். வேலை சலீமுக்குப் போயிற்று. படியிறங்கும்போது டிப்ளமாக்காரர் என்னிடம் சொன்னது: “ரெண்டு வருஷம் படிச்சேன் மேடம், இந்தக் கேள்வி சிலபஸ்லயே இல்ல.”

இரண்டு அட்டைகள்

பேச்சுக் குறைந்தவர்களுக்கென்று நாங்கள் பட அட்டை வைத்திருப்போம். லுங்கியா பேண்டா, இட்லியா பூரியா என்று இரண்டு அட்டைகளை முன்னால் வைத்தால் ஒன்றைத் தொட வேண்டும். தொட்டால் கைதட்டல். தனசேகர் இதில் கெட்டிக்காரராகிவிட்டார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

செங்குன்றம் பக்கம் ஒன்று, செங்கல்பட்டுப் பக்கம் ஒன்று என இரண்டு ஹோம்களுக்கு நானே பஸ் ஏறிப் போய், ஃபிலிம் ரோல் தீரத் தீரப் படமெடுத்து வந்து அட்டையில் ஒட்டினேன். தனசேகர் ரொம்ப நேரம் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு வேப்பமரம் இருந்த அட்டையைத் தொட்டார். ‘அவரே எடுத்த முடிவு’ என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். விஜயா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “மரம் கீதுல்ல, அதான் புடிச்சிக்கீது. நான்கூட அழுவான்னு நெனச்சேன் மேடம்.”

பெட்டியும் சட்டையும்

கிளம்ப வேண்டிய காலையில் விஜயா தகரப் பெட்டியில் சட்டைகளை மடித்து வைத்தார். தனசேகர் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டார். விஜயா வைத்தார், தனசேகர் எடுத்தார். மூன்று தடவை இதே கதைதான். பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த குரலில், “நீங்கதானே இத காட்டினீங்க தனசேகர்?” என்று அட்டைகளை மறுபடி நீட்டினேன். அதே வேப்பமரத்தைத் தொட்டார். உடனே போய் அடுத்த சட்டையை எடுத்துக் கொடியில் போட்டார். எனக்கு மண்டை காய்ந்தது.

ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்த சலீம் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். “இன்னா மேடம், ரெண்டும் ஹோமு. எதுன்னு கேட்டா எதனா ஒண்ண காட்டத்தான் செய்வான். வூட்டு கார்டு எங்க?”

என்னிடம் வீட்டு அட்டை இல்லை. எத்தனை நாள் அந்த வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன், அதைப் படமெடுக்க எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது, ஒரு மனிதரின் வாழ்க்கையில் நான் அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். அட்டைகளைப் பைக்குள் போட்டுவிட்டு, முதல் தடவையாக நேராகக் கேட்டேன்: இங்கேயே இருக்க வேண்டுமா? விஜயா வாயைத் திறக்கப் போய் மூடிக்கொண்டார். பதில் வர நேரமானது, ஆனால் வந்தது. “நா போவல. என் வூடு.”

பார்வை நேரம்

எழுதியதை அடித்துவிட்டு, ‘சொந்த வீடு, துணைக்குச் சலீம்’ என்று புதிதாக எழுதினேன். ராயபுரத்து ஆஸ்பத்திரியில் விஜயா இருந்த பத்து நாளும் சலீம் தனசேகரோடு அந்த வீட்டில் தங்கினார். தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் கஞ்சித் தூக்கோடு ரயில் ஏறி வந்துவிடுவார்கள். நான் பார்க்கப் போயிருந்த அன்று, விஜயா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டார். குளிச்சியா, துன்னியா, கேஸ மூடினியா, கதவ பூட்டினியா?

தனசேகர் தூக்கை ஸ்டூலில் வைத்தார். அக்காவின் போர்வையை இழுத்துக் கால்வரை விட்டார். “நா பாத்துக்கறேன். நீ படுக்கா.”

ஒரு மனிதரை அவர் விருப்பப்படியே அவர் வீட்டைவிட்டு அனுப்பப் பார்த்தேன், நல்ல வேளையாக அவர் என்னைவிடத் தெளிவாக இருந்தார் என்பதுதான் இந்த உத்தியோகத்தில் நான் கிழித்தது.