சாட்சிகளுக்குப் போட்ட களி

சவுரியம்மாளுக்கு நஷ்ட ஈடு கிடைக்காமல் போனதற்கு நான் காரணம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாலுகா ஆபீஸ் வாசலில் பதினேழு வருஷமாக மனு எழுதிப் பிழைக்கிற ஆபேல் நான். அந்த அம்மாளுக்கு எழுதியதுபோல் ஒரு மனுவை அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதவில்லை. 

ஆம்பூருக்கு வெளியே, வேலூர் ரோட்டில், ஒரு தோல் ஷாப்புக்கு எதிரே அவர் களிக்கடை வைத்திருந்தார். தோல் பதனிடும் ஆட்கள் மத்தியானம் சுண்ணாம்புத் தொட்டியை விட்டு ஏறி, கையைக் கழுவிக்கொண்டு நேரே அங்கேதான் வருவார்கள். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. புருஷன் செத்த மறுவருஷம் ஒண்டியாக ஆரம்பித்த கடை. வாய் பொல்லாதது, திட்டிக்கொண்டேதான் பரிமாறுவார். ஆனால் ஒருவன் பசியோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் ஜில்லா போர்டு அந்த ரோட்டை உயர்த்தத் தொடங்கியது. கடை வாசலில் ஆள் உயரத்துக்கு ஜல்லி, பக்கத்தில் ரோட்டு ரோலர். வண்டி வர வழியில்லை என்று தோல் ஷாப்பில் முன்கேட்டைப் பூட்டிப் பின்கேட்டைத் திறந்தார்கள். பின்கேட்டுக்குப் பக்கத்தில் வேறொரு கடை இருந்தது. ஆட்கள் அங்கே போய்விட்டார்கள். இரண்டு மாதம் சவுரியம்மாள் கிண்டிய களியை அவரே தின்றார். இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால், கடையை மூடிவிட்டு நெமிலியில் அண்ணன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அண்ணி, அரிசியை எண்ணிப் போடுகிறவள்.

"அவ கையால சோறு வாங்கித் திங்கறதுக்கு நான் கெணத்துல வுழலாம்" என்றார் சவுரியம்மாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

முதலில் இன்ஷூரன்ஸ் ஏஜண்டு ராமமூர்த்தியைப் பிடித்தோம். அவர் பையிலிருந்த காகிதங்களை எல்லாம் புரட்டிப் பார்த்தார்.

"கடை நெருப்புப் புடிச்சா உண்டும்மா. நீங்க செத்துப்போனா உண்டு. ரோடு போட்டா இல்ல."

"அந்த ரோலரு என்மேல ஏறினா?"

"தாராளமா உண்டு. ஆனா அதுக்கு முன்னாடியே பாலிசி எடுத்திருக்கணும்."

சவுரியம்மாள் ரோலரை ஒருமுறை பார்த்தார். நஷ்ட ஈடு கேட்டு போர்டுக்கு மனு எழுதிப் பார்க்கலாம் என்று நான் அவசரமாகச் சொன்னேன்.

மனு வேலை செய்தது. புதன்கிழமை மத்தியானம் ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார், வியாபாரம் படுத்ததற்குச் சாட்சிகளை வைத்திருக்கவும் என்று பதில் வந்தது. தோல் ஷாப் மேஸ்திரி வாஹித் பாஷா எட்டுப் பேரோடு வர ஒப்புக்கொண்டார். நான் சவுரியம்மாளிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்.

"அக்கா, அன்னிக்கு அடுப்பப் பத்தவெக்காதீங்க. கடை ஈ ஓட்டுதுன்னு ஆபீசர் கண்ணால பாக்கணும்."

"இது எனக்குத் தெரியாதா? நீ போ."

புதன்கிழமை நான் ஜல்லிமேல் ஏறும்போதே கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தது.

"இன்னாக்கா இது?"

"அரை நாள் கூலிய வுட்டுட்டு எனக்காகச் சாட்சி சொல்ல வர்றாங்க. வெறும் வயித்தோட அனுப்பச் சொல்றியா? நீ மனுசன்தானா?"

சாட்சிக்கு வந்தவனுக்குச் சோறு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கோர்ட்டுக்குப் போனாலும் அப்படித்தான். பதினேழு வருஷம் மனு எழுதியவனுக்கு அது ஞாபகம் வரவில்லை. சாட்சிக்குச் சாப்பாடு உண்டு என்று தெரிந்ததும் எட்டுப் பேர் இருபத்திரண்டு பேர் ஆனார்கள். கடைக்குள் இடம் போதாமல் நாலு பேர் ஜல்லிமேல் இலையோடு உட்கார்ந்தார்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

அந்த நேரம் பார்த்து ஆபீசர் ஜெயகரன் வந்து சேர்ந்தார். ஜட்கா அதற்குமேல் போகமுடியாத இடத்தில் இறங்கி, வெயிலில் நடந்து வந்திருந்தார்.

"இந்தக் கடையில வியாபாரம் எப்படி?" என்று பாஷாவைக் கேட்டார்.

"சுத்தமா படுத்துடுச்சுங்க. ஒரு ஆளு சாப்பிட வர்றதில்ல" என்றார் பாஷா, வாயில் களியோடு. "அக்கா, கொழம்பு கொஞ்சம் ஜாஸ்தியா ஊத்துங்க."

சவுரியம்மாள் ஆபீசரின் முகத்தைப் பார்த்தார். "பசியில கண்ணு உள்ள போயிருக்குது. உக்காருங்கய்யா."

அவர் இரண்டு முறை வேண்டாம் என்றார். மூன்றாம் முறை உட்கார்ந்தார். இரண்டு உருண்டை சாப்பிட்டார். நல்ல மனுஷர்தான், பொய் எழுதத் தெரியாதவர். பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. நடுப்பகலில் கடையில் உட்கார இடமில்லை, ஆகாரம் ருசியாக உள்ளது, நஷ்ட ஈட்டுக்கு முகாந்தரம் இல்லை.

அதைப் படித்துக் காட்டிவிட்டு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. சவுரியம்மாள் அடுப்பில் தண்ணீரை ஊற்றினார். நெமிலிக்குப் போகத் துணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்தார். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. எனக்குத் தாங்கவில்லை. நேரே தோல் ஷாப்புக்குப் போய், அந்த இருபத்திரண்டு பேருக்கு நடுவில் நின்று உத்தரவை உரக்கப் படித்தேன். ஒருவரும் தலை நிமிரவில்லை.

மறுநாள் மத்தியானம் பாஷா முன்கேட்டைத் திறக்கச் சொன்னார். இருபத்திரண்டு பேரும் ஜல்லியில் ஏறி இறங்கி வந்து, அடுப்பு எரியாத கடையில் உட்கார்ந்துகொண்டார்கள். களி வேகும்வரை காத்திருந்தார்கள். தின்று முடித்ததும் ஒவ்வொருவரும் இரண்டு வேளைக் காசு வைத்தார்கள்.

"இது இன்னாத்துக்கு?" என்றார் சவுரியம்மாள்.

"அன்னிக்குத் தின்னதுக்கும் சேத்துதான்க்கா" என்றார் பாஷா. "நாங்க தின்னதாலதான உங்க மனு கெட்டுது."

சவுரியம்மாள் பாதிக் காசைத் திருப்பித் தள்ளினார்.

"அன்னிக்கு நீங்க சாட்சி. சாட்சிகிட்ட காசு வாங்கினாள்னு ஊரு பேசணுமா? எடுத்துக்கிட்டுப் போங்க. நாளைக்கு நேரத்தோட வாங்க, கொழம்பு தீந்துடும்."

ரோட்டு வேலை முடிய இன்னும் நாலு மாதம் ஆயிற்று. அந்த நாலு மாதமும் அவர்கள் ஜல்லியில் ஏறி இறங்கித்தான் வந்தார்கள்.