செங்கோல் டீச்சர்

‘செங்கோல் டீச்சர்’ என்ற பெயர் எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காதில் விழுந்தது ஒரு சனிக்கிழமை காலை. பெரிய நாத்தனாரின் பேத்தி, ஒன்பதாம் வகுப்பு, போனில் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “திங்கக்கிழமை செங்கோல் டீச்சர் பீரியட்டுடி, நோட்டை மறந்து தொலைக்காதே.”

அந்த டீச்சர் வேறு யாருமில்லை. பேத்தியின் அம்மாவுக்கு உடன்பிறந்த தங்கைதான். பிறந்தநாள் கேக்கை ஸ்கேல் வைத்து வெட்டச் சொல்லி அடம்பிடித்த பெண். வளர்ந்து, கன்னியர் நடத்தும் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சமூக நீதியும் தலைமைப் பண்பும் சொல்லிக்கொடுக்கப் போனாள்.

பட்டப்பெயர் காதுக்கு எட்டியதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்கு உடனே போன்.

“அக்கா, கணக்கு டீச்சருக்குப் பிள்ளைங்க வெச்ச பேரு ‘மீதி’. எனக்கு என்ன தெரியுமா? செங்கோல்! நியாயம் தவறாதவன்னு அர்த்தம்.”

“உன் வாயாலயே சொல்லிக்காதடி” என்றாள் அக்கா. மகள் பக்கத்தில் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு சிரித்ததை அவள் கவனிக்கவில்லை.

விஷயம் இதுதான். அந்தப் பள்ளியில் அறுநூறு பெண்களுக்கு ஆறு கழிப்பறை. பதினான்கு டீச்சர்களுக்கு இரண்டு, அதற்கும் பூட்டு. சாவி அடிக்கடி தொலைந்ததால் தச்சர் அதில் ஒரு முழ நீளக் கட்டையைக் கோத்துவிட்டார். வேலையில் இளையவள் என்பதால் சாவி இவள் பொறுப்பு. வகுப்புக்கு வகுப்பு அதைக் கையில் பிடித்துக்கொண்டேதான் நடப்பாள். தூரத்தில் கட்டை தெரிந்தாலே “செங்கோல் வருதுடி” என்று பெண்கள் இடம் பிடித்து உட்கார்வார்கள்.

அந்த வருஷம், வகுப்புக்கு வாரம் இரண்டு என்றிருந்த அவளுடைய பீரியடுக்கு ஆபத்து வந்தது. பரீட்சை இல்லாத பாடம் எதற்கு, கணக்குக்குக் கொடுத்தால் பாஸ் கூடும் என்று ‘மீதி’ டீச்சர் தலைமைச் சிஸ்டரை நச்சரித்தாள். கன்னியர் சபையின் தலைமை இல்லத்திலிருந்து பெரிய சிஸ்டர் வந்து வகுப்பைப் பார்த்து முடிவு சொல்வார் என்று ஏற்பாடாயிற்று. பீரியட் போனால் வேலையும் போச்சு.

பெரிய சிஸ்டர் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, “இந்தப் பள்ளிக்கூடத்துல நியாயமில்லைன்னு உங்களுக்குத் தோணுறது ஒண்ணு சொல்லுங்க பாப்போம்” என்றார்.

வாசலில் தலைமைச் சிஸ்டர் முறைத்துக்கொண்டு நின்றால் யார் வாய் திறப்பார்கள்?

டீச்சர் பெஞ்சுகளுக்கு நடுவே வந்தாள். “பயப்படாம பேசுங்கம்மா. என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா? எனக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்க, சிஸ்டர்கிட்ட சொல்லுங்க!”

வகுப்பு முழுக்க ஒரே இருமல். அவள் அக்கா மகளைக் கைகாட்டினாள். “நீ சொல்லு.”

“வேணாம் சித்தி.”

“டீச்சர்!”

“வேணாம் டீச்சர்.”

“போன வாரம் என்ன படிச்சோம்?”

“உள்ளதை உள்ளபடி சொல்லணும்னு.”

“அப்புறம் என்ன?”

“செங்கோல்” என்றாள் பெண், தரையைப் பார்த்து.

“அடடே, அழகான பேரு! ஏன் அப்படி வெச்சீங்க?” என்றார் பெரிய சிஸ்டர்.

“கையில எப்பவும் அந்தக் கட்டை இருக்கே சிஸ்டர். டீச்சருங்க பாத்ரூம் சாவி.”

சிரிப்பு அடங்குவதற்குள் நடு பெஞ்சிலிருந்து நெட்டைப் பெண் ஒருத்தி எழுந்தாள். “பத்து நிமிஷ இடைவேளை சிஸ்டர். வரிசை நகர்றதுக்குள்ள மணி அடிச்சிடும். அடக்கிக்கிட்டு உக்காந்துதான் நாங்க சமூக நீதி எழுதறோம்.”

“உட்காரு!” என்றார் தலைமைச் சிஸ்டர்.

டீச்சருக்குக் காது சுட்டது. அவளும் ஒரு தரம் ‘உட்காரு’ என்றால் போதும், தலைமைச் சிஸ்டர் முகம் மலரும், பீரியட் தப்பும். வாய் வரை வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

“நில்லும்மா. முழுசா சொல்லிட்டு உக்காரு.”

பெண் சொல்லச் சொல்ல இவள் கரும்பலகையில் எழுதினாள். பதினான்குக்கு இரண்டு, அறுநூறுக்கு ஆறு. எழுதி முடித்துக் கட்டையைக் கொண்டுபோய்ப் பெரிய சிஸ்டர் முன்னால் வைத்தாள். “பூட்டை எடுத்துடலாம் சிஸ்டர். எல்லாருக்கும் ஒரே வரிசைதான்.”

“அப்போ நாமளும் நிக்கணுமா?” என்று வராந்தாவிலிருந்து கேட்டது ‘மீதி’யின் குரல்.

பெரிய சிஸ்டர் எதையோ குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பூட்டை மட்டும் போகிறபோதே கழற்றச் சொன்னார். ஆசிரியர் அறையில் ஒருத்தியும் இவளோடு பேசவில்லை. மறுநாள் இடைவேளையில் இவளே போய் வரிசையில் நின்றாள்.

“டீச்சர், நீங்க முன்னாடி போங்க” என்றாள் ஒரு சின்னப் பெண்.

“எதுக்குடி போகணும்? சமூக நீதிடி!” என்றாள் பின்னால் நின்றவள்.

முன்னால் பதினோரு பேர். மணி அடித்தது. போன மாதிரியே வகுப்புக்குத் திரும்பி ஓடினாள்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பீரியட் இரண்டும் அப்படியே இருக்கட்டும், புதிதாக எட்டுக் கழிப்பறை கட்டுங்கள் என்று இரண்டே வரி. கட்டி முடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று என்பது வேறு கதை.

இப்போது அவள் அதே பள்ளியில்தான் இருக்கிறாள். ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் அதே பாடம் எடுக்கிறாள்.