நாத்தனாரும் நாற்காலி அச்சும்

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லச் சொன்னால் ஒன்றுதான் சொல்வேன்: அவளுக்கு வேலை தெரியும். அதோடு சரி. பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. பூசி மெழுகத் தெரியாது. கட்டினவனோடு ஒத்துவராமல் ஒரு பெட்டியோடு வந்து இறங்கியவள், "ரெண்டு மாசம்தான், அண்ணி" என்றாள். அந்த ரெண்டு மாசம் மூன்று வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. எங்களுக்கு இருப்பதே ஒரு அறை, ஒரு கூடம். கூடம் அவளுக்குப் போய்விட்டது. என் வீட்டுக்காரருக்குத் தங்கை என்றால் உயிர், அதனால் நான் வாயைத் திறந்தால் பொல்லாதவள் ஆகிவிடுவேன். நான் சமைத்ததை ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல. இத எதுக்கு அடுப்புல ஏத்துனீங்க?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு இரண்டாம் தடவையும் போட்டுக்கொள்வாள்.

வீட்டில் சும்மா உட்கார்ந்து என் உயிரை வாங்குகிறாளே என்று, நான் வேலை செய்யும் பட்டறையில் சேர்த்துவிட்டேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதை. பிளாஸ்டிக் சாமான்களுக்கான இரும்பு அச்சு செய்யும் இடம் அது. மெஷின் செதுக்கித் தரும் அச்சைக் கல்லாலும் உப்புத்தாளாலும் தேய்த்துப் பாலிஷ் போடுவது என் வேலை. மெஷின் செதுக்கித் தள்ளும் இரும்புச் சுருளைக் கூட்டத்தான் அவள் வந்தாள். கூட்டுகிற சாக்கில் மெஷின் பக்கத்திலேயே நின்று பார்த்தாள், கேட்டாள், சண்டை போட்டாள். கடைசியில் மெஷினுக்குப் புரோகிராம் எழுதும் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

வளைவான அச்சு என்றால் எனக்கு அப்போதெல்லாம் வேலை இரட்டிப்பு. கம்ப்யூட்டர் வளைவை வளைவாக மெஷினுக்குச் சொல்வதில்லை, பொடிப்பொடி நேர்கோடாக நறுக்கித்தான் சொல்லும். ஒவ்வொரு கோடு முடியும் இடத்திலும் மெஷின் தயங்கி, ஒரு குலுங்கு குலுங்கி, அப்புறம் நகரும். குலுங்கின இடமெல்லாம் இரும்பில் தழும்பு. அதைத் தேய்த்துத் தேய்த்தே என் தோள்பட்டை போயிற்று. இவள் என்ன செய்தாள் என்றால், கோட்டை விட்டு மயிரிழை விலகிக்கொள்ளலாம் என்று மெஷினுக்கு அனுமதி கொடுத்தாள். மூலையில் நிற்காதே, வளைந்து போய்க்கொண்டே இரு என்று எழுதிவிட்டாள். அச்சு வழவழவென்று வந்தது. என் வேலை பாதியானது. நன்றி சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் மேஜைக்கு வந்து, "இனிமே உங்களுக்கு நேரம் மிஞ்சும், அண்ணி. சமைக்கக் கத்துக்கங்க" என்றாள்.

ஆனால் அந்த அனுமதியை எல்லா இடத்திலும் கொடுக்கக் கூடாது. அச்சின் இரண்டு பாதியும் வந்து சேரும் ஓரம் கத்தி மாதிரி இருக்க வேண்டும். அங்கேயும் மெஷினை விலக விட்டால் ஓரம் உருண்டுவிடும். இடுக்கு விழும். பிளாஸ்டிக் அதன் வழியாகப் பிதுங்கும்.

நாற்காலி முதுகுக்கு ஒரு பெரிய அச்சு வந்தது. அது நல்லபடியாக முடிந்தால் அவளுக்கு வேலை நிரந்தரம் என்றார் முதலாளி. நிரந்தரமானதும் தனியாகப் போய்விடுவேன் என்று அவள் ஒரு ரூம்கூடப் பார்த்துவைத்தாள். கேட்டதும் எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. கூடத்தில் ஒரு கட்டில் போட மனசுக்குள் அளவே எடுத்துவிட்டேன்.

சோதனைக்கு முதல் நாற்காலி முதுகை வார்த்தார்கள். சுற்றிலும் பாவாடை கட்டின மாதிரிப் பிசிறோடு வந்தது. முதலாளி அச்சின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"ஏம்மா, கண்ண மூடிக்கிட்டுத் தேய்ச்சியா? ஓரத்தையே உருட்டி வெச்சிருக்க!"

நான் ஓரத்தைத் தொடவே இல்லை. மெஷின் உளி ஓடின மெல்லிய கோடு அங்கே அப்படியே இருந்தது. என் கை பட்டிருந்தால் கோடு இருக்குமா? சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மனசு கணக்குப் போட்டுவிட்டது. பாலிஷுக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு, என்னை அனுப்ப மாட்டார். ஒரு நாள் திட்டு. வாங்கிக்கொண்டால் இவளுக்கு வேலை நிரந்தரம், வீட்டை விட்டுத் தொலைவாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது!

"கை வழுக்கிருச்சுங்க" என்று தலையைத் தொங்கப் போட்டேன்.

"பொய்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நாத்தனார். "அண்ணி கை அங்க படவே இல்ல. கோடு இருக்கு, குனிஞ்சு பாருங்க. ஓரத்துல விலகக் கூடாதுன்னு நான் எழுதியிருக்கணும், எழுதல. தப்பு என்னுது."

முதலாளி குனிந்து பார்த்தார். அப்புறம் அவளைப் பேசாத பேச்சு இல்லை. நிரந்தரமும் கிடையாது, மறுபடி போய்ச் சுருளைக் கூட்டு என்றார். அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது, ஆத்திரத்தில்.

வீட்டுக்கு வந்தோம். கதவைச் சாத்தினதும் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு மூளை இருக்கா? நான்தான் ஏத்துக்கிட்டேன்ல? வாய மூடிக்கிட்டு இருந்தா என்ன கொறஞ்சு போகுது?"

"எதுக்கு ஏத்துக்கிட்டீங்க?"

நான் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.

"நான் தொலஞ்சு போறதுக்குத்தானே?"

"ஆமா" என்றேன். எதற்கு மறைக்க வேண்டும்?

"தெரியும். அதான் சொன்னேன். உங்க புண்ணியத்துல ஒரு ரூம் புடிச்சு, சாகுற வரைக்கும் உங்கள நல்லவங்கன்னு சொல்லிக்கிட்டே கெடக்கணுமா? அதுக்கு உங்க மூஞ்சில தெனம் முழிக்கிறதே தேவல, அண்ணி."