உயிரோடிருந்தபோது அண்ணன் கேட்ட பாதை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் அண்ணனின் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி நல்ல வார்த்தைகள் நாலு எழுதித் தரும்படி அண்ணி என்னிடம் கேட்டார். நல்ல வார்த்தைகளுக்குக் குறைவில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தால் கோபமும் கூடவே வருகிறது. அதை நீக்கிவிட்டு எழுத இரண்டு முறை முயன்றேன். எழுதியது யாரோ ஒருவரைப் பற்றியது போல இருந்தது. கடைசியில் கோபத்தோடு எழுதியதையே அண்ணியிடம் காட்டினேன். "அப்படியே அச்சுக்குக் குடு" என்றார்.

அண்ணன் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசி அறையில், காம்பராவில் பிறந்தார். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். அம்மா கொழுந்து பறித்தார். பள்ளியில் உயர்தரம் வரை படித்த அண்ணன், அதற்கு மேல் படிக்க வசதியில்லாமல், பேராதனையில் ஒரு நில அளவையாளரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். சங்கிலி பிடிப்பது, அளவு நாடா இழுப்பது, எல்லைக் கல் நடுவது. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். அந்தச் சம்பளத்தில்தான் இந்த ஊர் மலைச்சரிவில் பத்துப் பேர்ச் அளவில் ஒரு துண்டுக் காணி வாங்கி, அப்பா அம்மாவை லயத்திலிருந்து கொண்டுவந்து சொந்த வீட்டில் இருத்தினார். அவரைப் பார்த்துத்தான் மற்றச் சொந்தக்காரர்களும் ஒவ்வொருவராகப் பக்கத்தில் காணி வாங்கினார்கள். அவர்களுக்கெல்லாம் காணி அளந்து கொடுத்ததும் அவர்தான்.

எல்லைக் கல்லை ஓரடி தள்ளி நடச் சொல்லி எத்தனையோ பேர் அவரிடம் கெஞ்சியிருக்கிறார்கள். "கல்லத் தள்ளலாம். நாளைக்கு அந்தப் பக்கத்து ஆளு என் மூஞ்சியப் பார்ப்பானே" என்பார். தள்ளியதே இல்லை.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்காக நம் பாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பஸ் போகும் வீதியிலிருந்து மேலே ஏறும் பாதை. இரு பக்கமும் பதினொரு வீடுகள். அகலம் ஐந்தடி. நடுவே ஒரு வளைவு. அங்கே மூன்றரை அடிதான். ஆட்டோகூட வளைவுக்குக் கீழேயே நின்றுவிடும். சிமெந்து, காஸ் சிலிண்டர், நடக்க முடியாத நோயாளி எல்லாம் ஆள்தோளில்தான் ஏறி இறங்கும்.

இதைச் சொல்லிச் சொல்லியே அண்ணன் பிரதேச சபைக்கு நடந்தார். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான். இந்தப் பாதை சபையின் வீதிப் பதிவேட்டில் இல்லை, ஆகவே ஒரு கல்கூடப் போட முடியாது. பதிவேட்டில் ஏற்ற வேண்டுமானால் காணிக்காரர்கள் எல்லோரும் நிலம் விட்டுத் தருவதாகக் கையெழுத்திட வேண்டும். பிறகு உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் அதைத் தீர்மானமாகப் பிரேரிக்க வேண்டும். அண்ணன் முதலில் தன் மதிலை இடித்து இரண்டடி உள்ளே தள்ளிக் கட்டினார். பிறகு மற்றப் பத்து வீடுகளிலும் இரண்டிரண்டு அடி கேட்டார். வளைவில் இருக்கும் எங்கள் தாய்மாமா வீட்டில் மட்டும் நாலடி கேட்க வேண்டியிருந்தது. ஒரே ஒருவர் கையெழுத்திட்டார். பிரேரிக்க ஒரு உறுப்பினரும் முன்வரவில்லை.

"வெளிய நின்னு கத்திக் கத்தி தொண்டை போச்சு. உள்ள போயி பேசிப் பாக்கிறேன்" என்று அண்ணன் தேர்தலில் நின்றார். சுயேச்சையாக.

அவருடைய துண்டுப் பிரசுரத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நான்கே வரிகள். மக்கள் நடக்கும் பாதைகளைப் பதிவேட்டில் ஏற்றுவது. மழைக்குப் பிறகல்ல, மழைக்கு முன்பே வடிகான்களைத் துப்புரவு செய்வது. தமிழில் எழுதும் கடிதத்துக்குத் தமிழில் பதில் தருவது. சபைக் கூட்டத்தில் என்ன முடிவெடுத்தார்கள், யார் எதிர்த்தார்கள் என்பதை வாசல் பலகையில் ஒட்டுவது. பாதைதான் முதலாவது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். பாதை வந்தால் குப்பை ட்ரக்டர் வரும், அம்புலன்ஸ் வரும், மற்றதெல்லாம் பிறகு பேசலாம் என்பார்.

சந்தித் தேநீர்க் கடையில் அந்தத் தாளைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள்.

"என்னண்ணே, கூரைக்குத் தகரம் இல்ல, தண்ணி டேங்க் இல்ல. இதுல எங்களுக்கு என்னதான் இருக்கு?"

"பாதை இருக்குடா."

"பாதையத் தின்ன முடியுமா?"

"அதுல நடந்து போயித்தானடா அரிசி வாங்குற."

"இப்பவும் தோள்ல தூக்கிட்டுத்தான் ஏறுறோம். ஒங்களுக்கு ஓட்டுப் போட்டா அரிசி தானா நடந்து வருமா?"

"நடந்து வராது. ஆட்டோல வரும்" என்றார் அண்ணன். கடையே சிரித்தது, அவரும் சிரித்தார். வாக்குப் போடும் நாளில் அந்தச் சிரிப்பு யாருக்கும் நினைவிருக்கவில்லை.

இப்போது உறுப்பினராக இருப்பவர் வேறு வழியில் வந்தார். நம் மரண உதவிச் சங்கத்துக்கு நூறு பிளாஸ்டிக் கதிரைகள் கொடுத்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் அவருடைய பெயர் அச்சடித்திருந்தது. சங்கம் கூட்டம் போட்டு அவருக்கு மாலை அணிவித்தது. ஆக, மனிதன் சாவதற்கு முன் வண்டி வர ஒரு பாதை. செத்த பிறகு வருகிறவர்கள் உட்கார நூறு கதிரை. இரண்டில் நாம் கதிரையைத் தெரிவு செய்தோம்.

நாம் என்றுதான் எழுதுகிறேன். அப்போது என் மகள் சபை நூலகத்தில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். அண்ணன் பசை வாளியோடு என் மதிலுக்கு வந்த அன்று நான் வாசலிலேயே மறித்தேன்.

"அண்ணா, இங்க ஒட்டாதீங்க. மெம்பர் பாத்தா புள்ளைக்குக் கெடைக்கிறதும் போயிரும்."

"அவரு இன்னும் மெம்பர் ஆகலியே."

"ஆயிருவாருண்ணா."

அண்ணன் பசை வாளியைத் தூக்கிக்கொண்டார். "சரி. நீ உள்ள போ, மழை வருது" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். நான் வாக்கையும் அவருக்குப் போடவில்லை. என்னை வளர்த்த மனிதருக்கு நான் செய்தது அது. வேலை வேறு யாருக்கோ போனது.

அண்ணனுக்குக் கிடைத்த வாக்குகள் இந்த ஊரில் உள்ள நம் சொந்தக்காரர்களின் எண்ணிக்கையைக்கூட எட்டவில்லை. அடுத்த வாரமே அவர் சம்மதப் படிவத்தை எடுத்துக்கொண்டு மறுபடி வீடு வீடாக ஏறினார்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. வந்து கீழே வீதியில் நின்றது. அதன் விளக்கு சுழல்வது அண்ணன் வீட்டு வாசலிலிருந்து தெரிந்தது. அதில் வந்த உத்தியோகத்தர் ஓடி ஏறிவந்து பார்த்துவிட்டு, தூக்குப் படுக்கை அந்த வளைவில் திரும்பாது, கைப்பிடி உள்ள லேசான கதிரையில் இறக்குங்கள் என்றார். அப்படிப்பட்ட கதிரைகள் நூறு இருந்தன, சங்கத்தின் களஞ்சிய அறையில். சாவி, சங்கத்துப் பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் மாமாவிடம்.

மாமா தரவில்லை.

"டேய், அது சாவு வீட்டுக் கதிரைடா. உசுரோட இருக்கிற மனுசன அதுல ஒக்கார வைக்கிறதா? விளங்குமாடா?"

"மாமா, நேரம் போவுது" என்றார்கள் சாவி கேட்கப் போனவர்கள்.

"என் வீட்டுக் கதிரைய எடுங்கடா. எதை வேணும்னாலும் எடுங்க. அது மட்டும் வேணாம்."

அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக் கதிரையைக் கொண்டுவந்தார்கள். கைப்பிடி இல்லாததால் அண்ணன் பக்கவாட்டில் சரிந்தார். மறுபடி இறக்கிப் படுக்கவைத்தார்கள். அதன் பிறகுதான் மாமா அழுதுகொண்டே சாவியைக் கொடுத்தார். அண்ணன்மேல் இருந்த பாசத்தில்தான் அவர் மறுத்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் ஆறவில்லை.

நாலு பேர் தூக்கினார்கள். வளைவில் நாலு பேருக்கு இடமில்லை. இரண்டு பேர் விலகி நிற்க, மற்ற இருவரும் கதிரையைச் சரித்து, மாமாவின் மதிலுக்கு மேலாக உயர்த்தித் திருப்பினார்கள். நான் பின்னால் குடை பிடித்துக்கொண்டு வந்தேன். அண்ணன் கண்ணைத் திறந்து இரண்டு பக்க மதில்களையும் பார்த்தார். "பாத்தீங்களா, மூணரை" என்றார். நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. கொஞ்சம் முந்திக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் எந்த டொக்டரிடமும் கேட்கவில்லை. பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

இறுதிக் கிரியைக்கு உறுப்பினர் வந்தார். ஜீப்பைக் கீழே விட்டுவிட்டு வேர்க்க வேர்க்க ஏறிவந்து, "பாதை ரொம்ப மோசமா இருக்கே" என்றபடி தன் பெயர் போட்ட கதிரையில் உட்கார்ந்தார்.

அண்ணி சொன்னார்: "ஒங்க கதிரைதாங்க சார். அவர கீழ எறக்கினதும் இதுலதான்."

"அதுக்குத்தானேம்மா குடுத்தேன்" என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். போகும்போது, பாதையைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். ஓராண்டாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

என் மகள் இப்போது தலைப்பிரசவத்துக்காக என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். என் வீடு வளைவுக்கு மேலே. அடுத்த மாதம் அவளுக்கு நாள் சொல்லியிருக்கிறார்கள். மழை தூறினாலே நான் வாசலுக்கு ஓடிப் பாதையைப் பார்க்கிறேன். கிளினிக்குக்குப் போகும் நாட்களில் அவள் முன்னால் நடக்க, நான் அவளுடைய செருப்பையே பார்த்துக்கொண்டு இறங்குகிறேன். "ஏம்மா இப்படிப் பயப்புடுறீங்க?" என்று சிரிக்கிறாள். அவளுடைய மாமாவை, என் அண்ணனை, அந்தக் கதிரையில் சரித்துத் திருப்பியதை அவள் பார்க்கவில்லை.

போன மாதம் என் மதிலை இடித்துவிட்டுப் படிவத்தில் கையெழுத்திட்டேன். அண்ணன் உயிரோடிருந்தபோதே செய்திருக்கலாம், அரை நாள் வேலைதான் அது. என்னைப் பார்த்து மற்றவர்களும் இட்டார்கள். இப்போது பத்து வீட்டுக் கையெழுத்துகள் இருக்கின்றன. வேறு வட்டாரத்து உறுப்பினர் ஒருவர், பதினொன்றும் சேர்ந்தால் வருகிற கூட்டத்திலேயே பிரேரிப்பதாகச் சொல்லியிருக்கிறார். தீர்மானம் வரும்வரை காத்திருக்கக்கூட வேண்டியதில்லை. வளைவு மதில் ஒன்று விலகினால், மறுநாளே ஆட்டோ என் வாசலுக்கு வரும்.

நன்றி சொல்ல வேண்டும். மழையில் வழுக்கிய பாதையில் அண்ணனைத் தூக்கி இறக்கிய நாலு பேருக்கும் (அவர்களில் ஒருவருடைய தோள் இன்றுவரை சரியாகவில்லை) கைகூப்புகிறேன். ஓடி ஏறிவந்த அம்புலன்ஸ் உத்தியோகத்தருக்கும், மூன்று நாளும் சமைத்துப் போட்ட அயலவர்களுக்கும், திகனையிலிருந்து கடையைப் பூட்டிவிட்டு வந்து கூடவே இருந்த அண்ணனின் சிநேகிதருக்கும் நன்றி. அண்ணன் உயிரோடிருந்தபோதே கையெழுத்திட்ட அந்த ஒரு வீட்டுக்காரருக்குத் தனியாக நன்றி. கதிரை தந்த இன்னொருவரின் பெயரையும் இந்த இடத்தில் அச்சிடும்படி சங்கத்தில் கேட்டார்கள். மறுத்துவிட்டேன்.

மாமா, இதையும் நீங்கள் படிப்பீர்கள். திவசத்தன்று முன்வரிசையில் இருந்து அண்ணனுக்காக அழுவீர்கள் என்றும் எனக்குத் தெரியும். அழுகை வேண்டாம். நாலடி தாருங்கள். திவசத்துக்கு மறுநாள் காலையில் படிவத்தை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருவேன். மகளும் உங்களிடம் பேச வேண்டும் என்கிறாள். அவளைக் கூட்டிவர மாட்டேன். கிளினிக்குக்குத் தவிர அந்த வளைவில் அவளை இன்னொரு முறை நடக்கவிட எனக்குத் தைரியம் இல்லை.

கண்ணீரோடும் கோபத்தோடும்,
தங்கை