கோல் கம்பத்தடியில் ஒரு வாய்

மலேசியாவில், பாடாங் செராய்க்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், நாங்கள் மாலையில் பந்து விளையாடும் திடலைச் சுற்றி, பால்மரம் வெட்டும் அக்கா ஒருவர் ஓடுவார். காலுக்குப் பெரிய வெள்ளைச் சப்பாத்து. தூக்கிச் செருகிய கைலிக்குக் கீழே கணவரின் காற்சட்டை. கோல் கம்பத்தடியில் அவருடைய மகள் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பாள். கிச்சாப் என்கிற கறுப்புச் சோயா சாறு ஊற்றிய சோற்றைத் தவிர எதையும் தொடாத பிள்ளை. அக்கா ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வாய் கீரைச் சோற்றை ஊட்டிவிட்டு ஓடுவார். திரும்பி வருவதற்குள் அவள் விழுங்கியிருப்பாள். ஏனோ அப்படித்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

“காலையில பால்மரக் காட்டுல நடந்தது பத்தலயாக்கா?” என்று கேட்டேன்.

“அது கணக்கெழுதுற கிராணிக்காக நடக்குறது தம்பி. இது எனக்கு லா.”

தோட்ட விளையாட்டுப் போட்டியில் தாய்மார் ஓட்டம் அதே திடலில் நடந்தது. முதல் பரிசான தெர்மோஸுக்கு அக்கா வீட்டில் இடம்கூட ஒதுக்கிவிட்டார். அவர்தான் முன்னால் வந்தார். கோல் கம்பத்தை நெருங்கியதும், அங்கே உட்கார்ந்திருந்த மகள் பழக்கத்தில் வாயைத் திறந்தாள். அக்கா சட்டென்று நின்று கிண்ணத்தைத் தேடினார். மற்றவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள்.

“ஏங்க்கா நின்னீங்க?”

“அவளா வாயத் தொறந்தா தம்பி. எப்படி விட்டுட்டுப் போறது?”

தெர்மோஸ் வேறு வீட்டுக்குப் போனது. அன்று மாலையும் அக்கா திடலைச் சுற்றினார். இந்த முறை கிண்ணம் இருந்தது.