எழுபத்திரண்டாயிரம்

விண்ணப்பத்தைக் கையில் வாங்குமுன், நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, கவுண்டருக்கு அப்பால் நிற்கும் பிள்ளையின் காலைப் பார்த்துவிடுவார் சுப்புராயன். தேய்ந்த ரப்பர் செருப்பென்றால் உட்கார்ந்துகொள்வார். ஷூ என்றால் முகம் கோணும். "ஏழைன்னா ஏழை மாதிரி வரணும். மாப்ள மாதிரி வந்து நின்னா நான் என்னாத்த நம்புறது?"

சிதம்பரத்துக் கல்லூரி ஒன்றில் உதவித்தொகைப் பிரிவு பதினோரு ஆண்டுகளாக அவர் வசம். ஏழைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் தரும் பணம் அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். தினமும் கடலூரிலிருந்து பேருந்தில் தூங்கிக்கொண்டே வருவார், சிதம்பரத்துக்குச் சற்று முன்னால் பி.முட்லூர் வந்ததும் யாரும் எழுப்பாமல் விழித்துக்கொள்வார். பிள்ளைகளின் சான்றிதழ்களில் குத்தியிருக்கும் குண்டூசிகளைப் பிடுங்கித் தன் டப்பாவில் போட்டுக்கொண்டு, "பின் பண்ணாம கொண்டாந்தா எப்பிடி?" என்று அதட்டுவார்.

இவ்வளவு கெடுபிடியும் வருமானச் சான்றிதழ் வரும்வரைதான். அங்கே அவர் அறிந்த ஏழ்மை ஒன்றே ஒன்று: ஆண்டுக்கு எழுபத்திரண்டாயிரம். சுற்றுப்பட்டு ஊர்களில் யார் கேட்டாலும் கிராம அலுவலர்களான வி.ஏ.ஓ.க்கள் அந்தத் தொகையையே எழுதிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. நெல்லை நடுகிறவருக்கும் அதுதான், அதை அரைக்கிறவருக்கும் அதுதான். காட்டுமன்னார்கோயிலில் ரைஸ் மில் வைத்திருக்கும் ராஜாமணி, மகனுக்காகக் காரில் வந்து இறங்கினார். "வாங்க மாமா, வெயில் ஜாஸ்தி, உக்காருங்க" என்றார் சுப்புராயன். அன்று அவர் யார் காலையும் பார்க்கவில்லை. எழுபத்திரண்டாயிரத்தைக் கண்டார், டிக் அடித்தார்.

கடைசி நாளன்று இளவரசி வந்தாள். கீரப்பாளையத்துப் பெண், பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. அப்பா இறந்து ஒரு வருடமாகிறது. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறாள். சான்றிதழில் முப்பத்தாறாயிரம் என்றிருந்தது.

"என்னம்மா இது கணக்கு?"

"புது வி.ஏ.ஓ. மேடம் வூட்டுக்கே வந்து விசாரிச்சி எழுதுனாங்க சார்."

"ஓஹோ, விசாரிச்சாங்களா? ஊர்ல அத்தினி பேருக்கும் எழுபத்திரெண்டு, ஒனக்கு மட்டும் பாதியா? பாத்தாலே போலின்னு தெரியுது. நாளைக்கி ஆடிட்ல எவன் பதில் சொல்றது?"

பதினோரு ஆண்டுகளில் அவர் மேசைக்கு வந்த ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும். அதை மோப்பம் பிடித்துக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

வரிசையில் பின்னால் நின்ற சிலம்பரசன் எட்டிப் பார்த்தான். "அவுங்க அப்பா கருமாதிக்கி நான் போயிருந்தேன் சார். நெசமாவே கஷ்டம்."

"நீ என்னா, கஷ்டத்துக்கு ஜாமீனா? தள்ளி நில்லு." பிறகு அவளிடம், "தாலுக்கா ஆபீஸ் போயி மாத்தி வாங்கியா."

"இன்னியோட முடியுது சார். மணி மூணாயிடுச்சி. பணம் வரலன்னா அம்மா படிப்ப நிறுத்திடும் சார். நடவுக்குக் கூட்டிக்கினு போயிடும்."

"நேத்தே வர்றதுக்கு என்னா?"

"வந்தேன் சார். நீங்க சீட்ல இல்ல."

சுப்புராயனின் குரல் தணிந்தது. அவர் குரல் தணியும்போதுதான் பயப்பட வேண்டும். டிராயரைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து நீட்டினார். அவர் பிரிவில் நிராகரிப்பு என்பதே கிடையாது. பணம் கிடைக்காத பிள்ளைகள் எல்லோரும் தாமாகவே வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவர்கள். இதற்காகக் கல்லூரி ஆண்டு விழாவில் இருமுறை சால்வை போர்த்தியிருக்கிறார்கள்.

"ரிஜெக்ட்டுன்னு போட்டா கம்ப்யூட்டர்ல ஒம் பேருக்கு நேரா அப்பிடியே நிக்கும். அடுத்த வருசமும் வராது. ஒன் நல்லதுக்குச் சொல்றேன், எழுது. 'எனக்கு உதவித்தொகை தேவையில்லை.'"

இளவரசி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ம், எழுதும்மா. பின்னால ஆளு நிக்குது."

எழுதினாள்.

"'என் குடும்பத்தில் போதுமான வசதி உள்ளது.' அதையும் போடு."

அதையும் எழுதினாள். பெயர், வகுப்பு, கையெழுத்து.

சுப்புராயன் தாளை வாங்கிப் பார்த்தார். கையெழுத்தில் மை இன்னும் காயவில்லை. கலைந்துவிடக் கூடாதே என்று தாளை முகத்தருகே தூக்கி, குழந்தைக்குச் சோறு ஆற்றுகிறவரைப் போல் மெல்ல, மெல்ல ஊதினார்.